வலையில் ஒரு பட்டியல், டிஎன்ஏவில் வேறு பட்டியல்: கரையோர சிலியேட்களில் எதை நம்புவது?

நுரைக்குமிழ்
வணக்கம். முதுகலை ஆய்வுக்காகக் கரையோரக் கடல்நீரில் உள்ள சிலியேட்களை (குற்றிழை கொண்ட ஒருசெல் உயிரிகள்) ஓராண்டாகப் பார்த்து வருகிறேன். 20 மைக்ரான் வலை இழுத்து, ஃபார்மலினில் போட்டு, நுண்ணோக்கியில் எண்ணினேன். வந்ததெல்லாம் பெரும்பாலும் தன்னைச் சுற்றிக் குவளை போன்ற உறை கட்டும் டின்டினிட் வகைச் சிலியேட்கள்: டின்டினாப்சிஸ், ஃபவெல்லா, யூடின்டின்னஸ், இப்படி 23 சிற்றினங்கள். அதே நாளில் அதே இடத்து நீரை வடிகட்டி 18எஸ் மரபணுவும் (உயிரியை அடையாளம் காண உதவும் ரைபோசோம் மரபணு) வரிசைப்படுத்தினோம். அதில் உறை இல்லாத ஸ்ட்ராம்பிடியம் வகையறா குவிந்து கிடக்கிறது, நான் கண்ணால் பார்த்த டின்டினிட்களில் பாதிக்கு மேல் பெயரே இல்லை, நான் பார்க்காத ஏதேதோ மேலே நிற்கிறது. நெறியாளர் "இரண்டையும் ஒப்பிட்டு எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது? இன்னொன்று, காலி உறைகளையும் எண்ணலாமா?

லூகால்பாட்டில்
முதலில் வலையை விடுங்கள். கரையோர நீரில் ஸ்ட்ராம்பிடியம் போன்ற உறை இல்லாத ஆலிகோட்ரிக்குகள்தான் பொதுவாக எண்ணிக்கையில் அதிகம், டின்டினிட்கள் சிறுபான்மை. இந்த அம்மண ஆசாமிகளில் பலருக்கு உடல் 20 மைக்ரானுக்குப் பக்கத்திலோ கீழேயோதான் இருக்கும், வலைக்கண் வழியே நழுவிவிடுவார்கள். நழுவாதவர்கள் வலையில் மோதி உடைவார்கள், அதிலும் தப்பியவர்களை ஃபார்மலின் வெடிக்க வைத்துவிடும். கடைசியில் உங்களிடம் மிஞ்சுவது உறை இருந்ததால் பிழைத்தது மட்டும். அதாவது உங்கள் பட்டியல் கடலைப் பற்றியது அல்ல, வலையைப் பற்றியது. (நானும் முதல் வருடம் இதையேதான் செய்தேன், அதனால் கோபிக்காதீர்கள்.)

குடுவையில் நேராக நீரை மொண்டு லூகால் எனும் அயோடின் கரைசல் சேர்த்து, உட்டர்மோல் கலத்தில் (செல்கள் அடியில் படியும் எண்ணும் கலம்) படியவிட்டு, தலைகீழ் நுண்ணோக்கியில் எண்ணுங்கள். லூகாலில் செல் கொஞ்சம் சுருங்கும், பசுங்கணிகத்தின் ஒளிர்வும் மறைந்துவிடும். லபோயா போல, தின்ற பாசியின் பசுங்கணிகத்தை உள்ளே வைத்து வேலை வாங்கும் வகைகளைப் பிரிக்க வேண்டுமானால் இன்னொரு குடுவையை ஃபார்மலினில் இருட்டில், குளிரில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம் என்று இல்லை, எண்ணுவதற்கு அதை நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

காலி உறை: டின்டினிட் தொந்தரவு பட்டால் உறையை விட்டு வெளியே போய்விடும். ஆகவே காலி உறை செத்ததாகவும் இருக்கலாம், நீங்கள் வலை இழுத்தபோது ஓடிப்போனதாகவும் இருக்கலாம். தனிப் பத்தியில் எழுதுங்கள், கூட்டிவிடாதீர்கள்.

வெள்ளிச்சாயம்
மேலே சொன்னது மாதிரி எடுப்பதைப் பற்றி. எனக்கு அந்த 23 என்ற எண்ணே இடிக்கிறது. அந்தப் பெயர்களை உறையின் வடிவத்தைப் பார்த்துத்தானே வைத்தீர்கள்?

டின்டினிட் வகைப்பாட்டின் பெரிய சுமை அதுதான். 1929இல் கோஃபாய்டும் கேம்பெல்லும் தொகுத்த பெரிய நூலில் ஏறத்தாழ 700 சிற்றினங்கள் உண்டு, கிட்டத்தட்ட எல்லாமே உறையை வைத்துத்தான். ஆனால் ஒரே உயிரி வளரும் நிலைக்கு ஏற்ப உறையை வேறு மாதிரி கட்டும். காக்ஸ்லியெல்லா என்று தனிப் பேரினமாகச் சுருள் உறைக்காரர்களை வைத்திருந்தார்கள். பிறகு வளர்ப்பில் பார்த்தால், ஃபவெல்லாவே சில நேரம் அப்படிச் சுருளாகக் கட்டுகிறது! டின்டினாப்சிஸ் இன்னும் மோசம், மணல் துகள் ஒட்டியிருந்தால் உள்ளே தள்ளு என்று சேர்த்த கூடை அது, மரபணு மரத்தில் பல கிளைகளில் சிதறிக் கிடக்கிறது. ஃபவெல்லாவும் முழுசாகத் தப்பவில்லை. உறைச் சுவரின் நுண்ணமைப்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து 2012இல் அதன் ஒரு பகுதியை ஷ்மிடிங்கரெல்லா என்று பிரித்துவிட்டார்கள். உங்கள் டிஎன்ஏ பட்டியலில் ஃபவெல்லாவைக் காணோம் என்றால் அந்தப் பெயரில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

உறையில் ஓரளவு நிலையானது வாய் விட்டம். நீளம் ஏறி இறங்கும், வாய் அவ்வளவாக மாறாது. இரையின் அளவையும் அதுதான் தீர்மானிக்கிறது, வாய் விட்டத்தில் கால் பங்கு அளவுள்ள இரையை நன்றாகப் பிடிக்கும் என்பது பழைய கணக்கு. எனவே ஒவ்வொன்றுக்கும் வாய் விட்டத்தை அளந்து வையுங்கள், பெயர் நாளை மாறினாலும் அந்த எண் உதவும்.

உறை இல்லாதவற்றுக்கு வாயைச் சுற்றியுள்ள குற்றிழைப் பட்டையைப் பாருங்கள். வட்டம் முழுதாக மூடியிருந்தால் கோரியோட்ரிக் குழுவின் பக்கம் (டின்டினிட்களும் அந்தக் குழுவுக்குள்தான் வரும்), ஒரு பக்கம் திறந்திருந்தால் ஸ்ட்ராம்பிடியம், லபோயா பக்கம். அதற்கு மேல் சிற்றினம் வரை போக புரோடார்கால் வெள்ளிச் சாயம் ஏற்றாமல் முடியாது. கை கறுக்கும், பொறுமை போகும், ஆனால் வேறு வழி இல்லை.

வரிசைக்காரன்
டிஎன்ஏ பக்கத்தையும் தெய்வமாக்க வேண்டாம். சிலியேட்டின் பெரிய உட்கருவில் இந்த ரைபோசோம் மரபணு ஒரு செல்லுக்கு ஆயிரங்களில் தொடங்கி லட்சங்கள் வரை நகல்களாக இருக்கும், செல் பெரிதானால் நகலும் ஏறும். ஸ்ட்ராம்பிடியத்துக்கு வரிசைகள் குவிந்ததால் அதுதான் அதிகம் என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார். ஒரே செல்லின் நகல்களுக்குள்ளேயே சிறு வேறுபாடுகள் உண்டு, அதனால் சிற்றின எண்ணிக்கையும் பொய்யாக ஊதும்.

எதிர்ப்பக்க உதாரணம் மீசோடினியம் ரூப்ரம் என்ற சிலியேட். கடலைச் சிவப்பாக்கும் அளவுக்குப் பெருகும். கிரிப்டோஃபைட் பாசியிடமிருந்து பசுங்கணிகத்தை மட்டுமல்ல, அதை நடத்த அதன் உட்கருவையும் திருடி வைத்துக்கொள்ளும் என்று 2007இல் காட்டினார்கள். ஆனால் அதன் 18எஸ் வரிசை மற்ற சிலியேட்களிலிருந்து அவ்வளவு விலகிப்போனது, பொதுவான பிரைமர்கள் (மரபணுவில் ஒட்டி நகலெடுக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) அதில் சரியாக ஒட்டாமல் போகலாம். ஃபார்மலினிலும் எளிதாக உடையும். அதாவது நீரே சிவந்திருந்தாலும் உங்கள் இரண்டு பட்டியலிலும் அது வராமல் இருக்க வாய்ப்பு உண்டு! இருக்கிறதா பாருங்கள்.

நுரைக்குமிழ்
பார்த்தேன், இரண்டிலும் இல்லை 😐 அன்று நீர் சிவப்பாக இல்லை என்றாலும் வயிற்றில் புளி கரைக்கிறது. இனி லூகால் குடுவைதான். ஆனால் லூகால் மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியுமா, அல்லது மறுபடியும் தனியாக வடிகட்ட வேண்டுமா?

வரிசைக்காரன்
மொத்தச் சமூகத்துக்குத் தனியாக வடிகட்டுங்கள். அதோடு லூகாலில் சந்தேகமான செல்லை நுண்குழாயில் ஒவ்வொன்றாக எடுத்து, படம் பிடித்து, வாய் விட்டம் அளந்து, சோடியம் தயோசல்ஃபேட்டால் அயோடின் நிறத்தை நீக்கிவிட்டு ஒற்றைச் செல் பிசிஆர் போடலாம். மெதுவான வேலைதான். உறையும் வரிசையும் ஒரே செல்லிலிருந்து வருவதால், அந்த 23இல் எத்தனை நிற்கும் என்று அப்போது தெரிந்துவிடும். டின்டினாப்சிஸிலிருந்து தொடங்குங்கள்.