இளங்குதிரைக்கு ஃப்ளையிங் சேஞ்ச்: பின்னங்கால் ஒரு பாய்ச்சல் தாமதமாக மாறுகிறது

புரவிநேசன் (கேள்வி):
வணக்கம். காயடித்த ஆறு வயதுக் குதிரை. சிம்பிள் சேஞ்ச் (கேன்டரிலிருந்து வாக்குக்கு இறங்கி, மறுபக்கக் கேன்டரில் எழும்புவது) இரண்டு பக்கமும் செய்கிறது, ஆனால் கேன்டரிலிருந்து (மூன்று தாளப் பாய்ச்சல்) வாக்குக்கு (சாதாரண நடை) இறங்கும்போது அவ்வப்போது இரண்டு அடி ட்ராட் (இரண்டு தாளப் பெருநடை) கலந்துவிடும். ஃப்ளையிங் சேஞ்ச் (கேன்டரை நிறுத்தாமல் காற்றிலேயே லீடை மாற்றுவது) தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. லீட் என்பது கேன்டரில் கடைசியாக, முன்னே நீண்டு ஊன்றும் முன்னங்காலின் பக்கம். வலது லீடிலிருந்து இடதுக்குச் சுத்தமாக மாறுகிறது. இடதிலிருந்து வலதுக்குக் கேட்டால் முன்னங்கால்கள் உடனே மாறுகின்றன, பின்னங்கால்கள் ஒரு பாய்ச்சல் கழித்துத்தான் வருகின்றன. மாறியதும் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடவும் செய்கிறது. மைதானத்தைக் குறுக்காகக் கடக்கும்போது நடுவில் வைத்துக் கேட்கிறேன். தரையில் ஒரு கம்பு போட்டு அதன் மேல் மாற்றச் சொல்கிறார்கள். சரிவருமா?

சேணவார்:
கம்பை விடுங்கள், முதலில் கால் வரிசையைப் பாருங்கள். இடது லீடில் முதலில் ஊன்றுவது வலது பின்னங்கால். அடுத்து இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து. கடைசியாக இடது முன்னங்கால். அதன்பின் நான்கு கால்களும் காற்றில் இருக்கும் ஒரு கணம். மாற்றம் அந்தக் கணத்தில்தான் நடக்க முடியும். வலது லீடுக்கு மாறிவிட்டால், இறங்கும்போது முதலில் தரை தொட வேண்டியது இடது பின்னங்கால். ஆக மாற்றம் பின்னாலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் குதிரையின் இடது பின்னங்கால் அந்த வேலைக்கு நேரத்துக்கு வரவில்லை.

இதை இன்றே சோதிக்கலாம். சுவரை விட்டு உள்ளே தள்ளி, நேர்கோட்டில் வாக்கில் போங்கள். உங்கள் இடது காலைச் சேணவாருக்கு (குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தைக் கட்டும் பட்டை) ஒரு கையகலம் பின்னே வைத்து வலது கேன்டர் கேளுங்கள். கேட்ட அடியிலேயே எழும்புகிறதா, ஓரிரு அடி யோசிக்கிறதா? யோசித்தால் குறை அங்கேதான். நின்று நிதானிக்க நேரம் இருக்கும்போதே தாமதிக்கும் குதிரை, காற்றில் இருக்கும் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் எப்படிப் பதில் சொல்லும்?

எனவே இரண்டு, மூன்று வாரம் ஃப்ளையிங் சேஞ்சை முழுதாக நிறுத்துங்கள். வலது கேன்டர், வாக், மறுபடி வலது கேன்டர் என்று செய்யுங்கள். நடுவில் நான்கைந்து அடி வாக் போதும். பிறகு அதை மூன்றாக, இரண்டாகக் குறையுங்கள். ட்ராட் கலப்பது சின்ன விஷயமில்லை. பின்னங்கால்கள் எடையைத் தாங்காமல் முன்பக்கம் சரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கூடவே கவுண்டர் கேன்டர் (திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க லீடில் ஓடுவது), 20 மீட்டர் வட்டம் முழுக்க, வேகம் கூடாமல், கழுத்து கோணாமல் வர வேண்டும். இந்த இரண்டும் வந்தபின் சேஞ்ச் பாதி தானாகவே வந்துவிடும்.

திரும்பத் தொடங்கும்போது மைதானத்தின் நடுவில் கேட்காதீர்கள். இடது கேன்டரில் நீளப்பக்கத்தின் கடைசியில் 10 மீட்டர் அரைவட்டம் திரும்பி அதே சுவருக்கு வாருங்கள். இப்போது வலப்பக்கச் சுற்றில் கவுண்டர் கேன்டரில் இருப்பீர்கள். இடப்பக்கம் சுவர் இருப்பதால் இடது தோள் வெளியே வழுக்காது. மூலைக்கு 10 மீட்டர் முன்னால், அதாவது மூன்று நான்கு பாய்ச்சலுக்கு முன், கேளுங்கள். மூலைக்குள்ளேயே கேட்டால் திருப்பத்தின் இழுப்பில் முன்னங்கால்தான் முதலில் மாறும். இப்போதைய தவறே மறுபடி பழகிவிடும்.

லாடம்:
கேட்கும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான தாமதம் சவாரி செய்பவரிடமிருந்தே வருகிறது. குதிரை காற்றில் இருக்கும்போது கால் கொடுத்தால் (காலால் அழுத்திச் சைகை செய்தால்) அந்தப் பாய்ச்சல் கைநழுவிவிடும். குதிரையின் இடது தோளைக் கவனியுங்கள். அது முன்னே நீண்டு, அந்தக் கால் தரையில் ஊன்றப் போகும் நொடியில் உங்கள் இடது கால் பின்னே போக வேண்டும், வலது கால் சேணவாருக்கு வர வேண்டும். அதற்கு முந்தைய பாய்ச்சலில் ஒரு ஹாஃப் ஹால்ட் (நிறுத்தாமல் ஒரு கணம் மட்டும் தாங்கிப் பிடித்துக் குதிரையைத் தயார் செய்வது). கேட்கும் கணத்தில் வலது கடிவாள வார் இளகணும். அதை இழுத்துப் பிடித்தால் வலப்பக்கத் தோள் முன்னே வர வழியில்லை.

காலை ஒரு முழம் பின்னே வீசாதீர்கள். பின்பாகம் வலப்பக்கம் ஊசலாடும், நேர்க்கோடு போய்விடும். புதிய பக்கம் உடலைச் சாய்ப்பதும், மாறியதா என்று குனிந்து பார்ப்பதும் இப்படித்தான். உங்கள் எடை முன்னே விழும், குதிரையின் முதுகு பூட்டிக்கொள்ளும்.

கம்பைப் பொறுத்தவரை, 'மாறு' என்றால் என்ன என்றே புரியாத குதிரைக்கு ஓரிரு நாள் உதவலாம். உங்களுடையதற்குப் புரிந்துவிட்டது. பின்னங்கால் தாமதிக்கும் குதிரைக்குக் கம்பு கேடு: அது கம்பைப் பார்க்கும், முதுகைத் தாழ்த்தும், முன்னால் தாவும். முன்னங்கால்கள் இன்னும் முந்திக்கொள்ளும்.

புரவிநேசன்:
சோதித்துப் பார்த்தேன். இடது கால் கொடுத்தால் ஒன்றரை அடி கழித்துத்தான் வலது கேன்டர் எழும்புகிறது, மறுபக்கம் உடனே. பின்னங்கால் மாறாமல் முன்னால் மட்டும் மாறி நிற்கும்போது என்ன செய்வது? ஓடும்போது?

நடைக்கணக்கு:
முன்னும் பின்னும் வெவ்வேறு லீடில் இருந்தால் உங்கள் இடுப்புக்கு அடியில் உருளுவது போல இருக்கும். அப்படியே விட்டு, பின்னால் மாறும் வரை காத்திருக்காதீர்கள். 'தாமதமாக மாறினாலும் சரிதான்' என்று குதிரை கற்றுக்கொள்ளும். அமைதியாக வாக்குக்கு வந்து, வலது கேன்டரை முதலிலிருந்து எழுப்புங்கள். சவுக்கோ அதட்டலோ வேண்டாம், ஓட்டமே பதற்றத்தில் வருவது.

ஓடினால் 15 மீட்டர் வட்டத்தில் எடுத்து மூச்சு சீராகும் வரை கேன்டர், பிறகு வாக், கடிவாளத்தை நீளமாக விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு சேஞ்சுக்கு மேல் வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். ஒன்று சுத்தமாக வந்தால் அன்றைக்கு அத்தோடு இறங்கிவிடுங்கள். அதே இடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த இடம் வந்ததும் தானாக மாறும். அதனால் மூன்று முறை அதே அரைவட்டத்தில் கவுண்டர் கேன்டரிலேயே மூலையைத் தாண்டுங்கள், நான்காவது முறை கேளுங்கள். கேட்காமல் மாறினாலும் தண்டனை வேண்டாம், வாக்கிலிருந்து பழைய லீடைத் திரும்ப எழுப்பினால் போதும்.

சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் ஆறு வயதுக் குதிரைத் தேர்வில் சேஞ்ச் இருக்கிறது என்பதற்காக அவசரப்படாதீர்கள். இந்தத் தாமதம் வேரூன்றினால் பிற்காலத்தில் தீர்ப்பது கடினம். மேல்நிலைப் போட்டித் தேர்வான பிரி செயின்ட் ஜார்ஜில் நான்கு பாய்ச்சலுக்கு ஒன்றாக 5 சேஞ்ச், மூன்றுக்கு ஒன்றாக 5. அதற்கும் மேலான கிராண்ட் பிரியில் பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் 15. அங்கே ஒரு பாய்ச்சல் தாமதத்துக்கு இடமே இல்லை.

இன்னொன்று. தாமதம் ஒரே பக்கம் என்பதால், வலது கேன்டர் பயிற்சிக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் இடது பின்னங்காலின் முட்டியையும் ஹாக்கையும் (முட்டிக்குக் கீழே உள்ள மூட்டு), இடுப்பெலும்பு முதுகோடு சேரும் இடத்தையும் காட்டிவிடுங்கள். சேணம் ஒரு பக்கம் சரிகிறதா என்பதையும் பின்னால் நின்று ஒருவர் பார்க்கட்டும். வலியால் வரும் தாமதத்தைப் பயிற்சி கூட்டத்தான் செய்யும்.