கழுத்துவலிக்கு உலர் ஊசி சிகிச்சை: ஆறு வாரங்களுக்குப் பிறகான புதுப்பிப்பு

வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் சென்றுவரும் எனக்கு இடப்பக்கக் கழுத்திலும் தோளிலும் இருந்த வலிக்கு ‘ட்ரை நீடிலிங்’ செய்துகொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்துகொண்டேன், பலரும் அனுபவத்தைக் கேட்டதால் எழுதுகிறேன்.

மருந்து எதுவும் இல்லாத மெல்லிய ஊசியை, கழுத்திலிருந்து தோள்வரை பரவும் டிரபீசியஸ் தசையில் இறுகிக் கிடந்த முடிச்சுக்குள் இயன்முறை மருத்துவர் செலுத்தியதும், தசை ஒரு கணம் வெட்டித் துடித்தது. அன்றிரவு அடிபட்டதுபோல் வலித்தாலும், மூன்றாம் நாள் தலையைத் திருப்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடிந்தது. ஆனால் ஒரே வாரத்தில் இறுக்கம் திரும்பியது.

நிலையான மாற்றம் உடற்பயிற்சியால்தான் வந்தது என்று உறுதியாக நம்புகிறேன். மல்லாந்து படுத்து, முகவாயை மெதுவாக உள்ளிழுத்துப் பத்து விநாடி நிறுத்தும் பயிற்சி, கழுத்தின் முன்புற ஆழ்தசைகளை வலுப்படுத்துகிறது. பார்க்க எளிது, முதல் வாரம் கடினம். ஊசி தந்த இடைவெளியில் வலியின்றி இதைப் பழக முடிந்தது.

1979-இல் செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட், ஊசி குத்துவதே வலியைக் குறைக்கக்கூடும் என்று எழுதினார். எனினும் தோள் தசைக்கு அடியில் நுரையீரலின் நுனி இருப்பதால், பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.