10 நிமிட மழையும் பொயிலர் தண்ணியும்

உவர்மலை_பொயிலர் | காலை 6.12

தோட்டத்தில ஓட்டுற சின்ன நீராவி ரயில் எஞ்சின் பழசுகளை விற்கிற இழையில பாலையூற்று_மாமா நேற்றுப் போற போக்கில ஒரு வசனம் எழுதிவிட்டிருக்கிறார். அப்பிடியே தாறன்: "மாரி பெய்யிற ஊரில வடித்த தண்ணிக்குக் காசு குடுக்கிறது விசர் வேலை. கூரைத் தண்ணியைப் பிடியுங்கோ, முதல் 10 நிமிடத்தை விடுங்கோ, மிச்சத்தைப் பொயிலருக்க ஊத்துங்கோ."

அதுக்கு 11 பேர் விருப்பம் வேற போட்டிருக்கினம்.

இந்த 10 நிமிடம் எங்க இருந்து வந்தது? திருகோணமலையில எங்களுக்கு மாரி வாறது வாடைக்காத்தோட, கடல் பக்கத்தால. அலை உடைஞ்ச திவலையும் அதோடதான் வருது. கூரையைக் கழுவினா தூசு போகும், காக்காய் எச்சம் போகும். காத்தில வாற உப்பு 11ஆம் நிமிடத்திலயும் வரும்.

கணக்குப் பாருங்கோ. சின்னச் செம்புப் பொயிலருக்கு 120 மில்லிலீற்றர் ஊத்துறம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் கரைஞ்சிருக்கு எண்டு வைப்பம். ஒரு ஓட்டத்துக்கு 6 மில்லிகிராம். நீராவி வெளிய போகும், உப்புப் போகாது. மிச்சத் தண்ணியை ஒருக்காலும் வெளியேத்தாமல் 100 ஓட்டம் ஓடினா உள்ளுக்க 600 மில்லிகிராம், அதாவது லீற்றருக்கு 5 கிராம். அந்தத் தண்ணி நுரைக்கும். நுரைச்சா நீராவியோட தண்ணியும் சிலிண்டருக்குப் போய் ஒயிலைக் கழுவும், சிலிண்டருக்கு நீராவியைத் திறந்து மூடுற சிலைட் வால்வின்ர முகம் கீறுப்படும். பேந்து "எஞ்சின் இழுக்குதில்லை" எண்டு இங்க வந்து அழுறது.

வடித்த தண்ணி வாங்குங்கோ. அவ்வளவுதான்.

பாலையூற்று_மாமா | காலை 7.40

தம்பி, "வைப்பம்" எண்டு தொடங்கின கணக்கு "வைப்பம்" எண்டுதான் முடியும். அந்த 50ஐ அளந்தது ஆர்?

நீர் வடித்த தண்ணி எண்டு வாங்கிறது பற்றரிக் கடைப் போத்தல். அதில கனக்க, வடித்ததே இல்லை. பிசினுக்குள்ளால விட்டு அயன், அதாவது கரைஞ்ச உப்புத் துணிக்கை, நீக்கின தண்ணி. அது பித்தளையில இருக்கிற நாகத்தைத் தின்னும் எண்டு சொல்லுவினம். வால்வுப் பொருத்தெல்லாம் செம்பு நிறமாகி, கடைசியில ஸ்பானர் வைக்கேக்க பிஸ்கற் மாதிரி உடையும்.

உவர்மலையில இருந்துகொண்டு உப்புக்குப் பாடம் எடுக்கிறீர். ஊர்ப் பேருக்குப் பொருத்தம்தான்.

முதல் 10 நிமிடம். திரும்பவும் சொல்லுறன்.

கிண்ணியா_32 | காலை 8.05

ரெண்டு பேரும் எந்தத் தண்ணியப் பத்திக் கதைக்கிறீங்க எண்டு முதல்ல சொல்லுங்க. வடித்தது எண்டா ஆவியாக்கித் திரும்பக் குளிர வச்சது. அயன் நீக்கினது வேற. கடைசியா, ஆர்ஓ மிசின் தண்ணி. அது மென்சவ்வால வாறது, கொஞ்ச உப்புத் தங்கும். இன்னொண்டு, பொயிலருக்குள்ள கல்லுப் பிடிக்கிறது கல்சியத்தால. கறி உப்பால கல்லுப் பிடிக்காது, அதுட பிரச்சினை நுரையும் அரிப்பும்.

சண்டை வேணாம். சுத்தமான கண்ணாடித் துண்டில ஒவ்வொரு தண்ணியிலயும் ஒரு துளி விட்டு நிழல்ல காயப் போடுங்க. வெள்ளை வட்டம் எதில தடிப்பா விழுதோ அத ஊத்தாதீங்க.

உவர்மலை_பொயிலர் | காலை 8.21

கிண்ணியா, வரைவிலக்கணம் பள்ளிக்கூடத்துக்கு. இங்க கேள்வி ஒண்டுதான்: 10 நிமிடம் எண்டு ஆர் சொன்னது? தூறலில 10 நிமிடமா, அடைமழையில 10 நிமிடமா? தூறலில 10 நிமிடத்துக்கு ஓடு நனையவே காணாது.

கூரை என்ன கூரை எண்டும் மாமா சொல்லேல்ல. அஸ்பெஸ்டஸ் சீற் எண்டா அது சீமெந்து. மழை பட்டுச் சுண்ணாம்பு கரைஞ்சு வரும். அதைக் கொண்டுபோய்ச் சீமெந்துத் தொட்டியில சேர்த்தா இன்னும் கொஞ்சம். வானத்தால வந்த மெல்லிய தண்ணியை நாங்களே வன்தண்ணியாக்கிறம்.

கல்லுப் பிடிச்சா முதல்ல எது போகும் தெரியுமோ? தண்ணிமட்டக் கண்ணாடியின்ர கீழ்த் துவாரம். அது அடைபட்டா கண்ணாடியில தண்ணி நிக்கும், பொயிலருக்க இருக்காது. அடுத்தது குட்ஓல் வால்வு. அழுத்தம் இருக்கேக்கயே தண்ணி ஏத்துறதுக்குப் போடுறம் எல்லோ, அதில இருக்கிற சிலிக்கன் ரியூப்புக்குக் கீழ ஒரு துகள் போனாலே மூடாது, சுடுதண்ணி திரும்பிச் சீறும்.

சீனக்குடா_762 | காலை 9.10

தண்ணிக் கதை இருக்கட்டும். அதே விற்பனை இழையில மாமா "களனிவெளி எஞ்சின், 1:19, 45 மிமீ" எண்டு போட்டிருக்கிறார். களனிவெளி எண்டிறது கொழும்பில இருந்து போற ரயில் பாதை, முந்தி அதின்ர தண்டவாள இடைவெளி 2 அடி 6 அங்குலம், 762 மிமீ. 1:19 எண்டா உண்மையான அளவில 19இல ஒண்டு. 762ஐ 19ஆல பிரிச்சா 40 மிமீ. 45 இல்லை. 45 மிமீ தண்டவாளத்தில களனிவெளி ஓடோணும் எண்டா அளவு 1:16.9. 32 மிமீல எண்டா 1:23.8. 1:19ம் 32 மிமீயும் சேர்ந்தா அது 2 அடிப் பாதை, களனிவெளி இல்லை. விலையில மட்டும் அளவு பிழைக்கேல்ல.

பாலையூற்று_மாமா | காலை 9.32

சீனக்குடா, கல்லோயாவில இருந்து உம்மட வாசலுக்கு வாற பாதை 5 அடி 6 அங்குலம். அதை நீர் 45 மிமீல ஓட விட்டா எஞ்சின் இன்னும் சின்னதா வரும். தோட்டத்தில ஓடுறதுக்குக் கண் அளவு போதும். போன மாரிக்கு இரவல் வாங்கின, துவாரத்தில புரி வெட்டுற கால் அங்குல 40 புரித் தப் எங்க? அதின்ர அளவு மட்டும் உமக்கு மறந்து போச்சோ?

கூரை ஓடு. பீங்கான் மாதிரி வழுக்கிற பழைய ஓடு. 10 நிமிடம் தாராளம்.

சீனக்குடா_762 | காலை 9.36

தப் பொது இழையில கேக்கிற சாமானில்லை. 762ஐ 45ஆல பிரிக்கிறதுக்குத் தப் தேவையுமில்லை.

உவர்மலை_பொயிலர் | காலை 9.58

ஓடு எண்டிறார். சரி. ஓட்டில பாசி. பாசி 10 நிமிடத்தில கழுவுப்படுமோ?

அந்த விற்பனைப் படத்தை வடிவாப் பாருங்கோ. சிலிண்டருக்கு ஒயில் குடுக்கிற லுப்ரிகேற்றரின்ர மூடியில வெள்ளைக் களி. அது தண்ணியால இல்லை, மாமா ஊத்தின மோட்டர்சைக்கிள் ஒயிலால. எஞ்சின் ஒயிலில அழுக்கைக் கரைக்கிற சேர்க்கை இருக்கு, ஈர நீராவி பட்டா மோர் மாதிரிக் கலங்கிக் களியாகும். இந்த லுப்ரிகேற்றர் வேலை செய்யிறதே ஒயிலும் தண்ணியும் பிரிஞ்சு நிக்கிறதால. நீராவி உள்ளுக்க வந்து குளிர்ந்து தண்ணியாகி அடியில இறங்கும், மேல மிதக்கிற ஒயில் அந்த அளவுக்குக் குழாய்க்குத் தள்ளுப்படும். கலங்கினா ஒண்டும் போகாது. நீராவிக்கெண்டு வாற ஸ்ரீம் ஒயில், தடிப்பு எண் 460, வேணும், சின்ன எஞ்சினுக்கு 220ம் பாவிக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அடித்தண்ணியை ஊசிக்குழாயால உறிஞ்சி எடுத்துப்போட்டு நிறைக்கோணும்.

ஒயில்ல பிழை விடுறவர் தண்ணியில சரியா இருப்பாரோ?

பாலையூற்று_மாமா | காலை 10.15

20டபிள்யூ-50 எங்கட வெக்கைக்குத் தடிச்ச ஒயில். ஓடுது. படத்தில இருக்கிறது கிறீஸ். உமக்குக் கண் பிழை.

கிண்ணியா_32 | காலை 10.20

கிறீஸ் ஏன் லுப்ரிகேற்றருக்குள்ள?

புதுத்தண்டவாளம் | காலை 11.02

ஐயாமார், ஒரு கேள்வி. பழைய பொயிலர் ஒண்டு கைக்கு வந்திருக்கு, உள்ளுக்க வெள்ளையாப் படிஞ்சிருக்கு. எப்பிடி எடுக்கிறது? எரிக்கிறதுக்கு எந்தக் காஸ் எண்டும் தெரியேல்ல.

உவர்மலை_பொயிலர் | காலை 11.30

தம்பி, கேட்டது நல்லது. மழைத்தண்ணி ஊத்தின ஆக்களின்ர பொயிலராத்தான் இருக்கும்.

சித்திரிக் அமிலம் 5 வீதம்: 120 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு 6 கிராம். முதல்ல குட்ஓல் வால்வின்ர சிலிக்கன் ரியூப்பைக் கழட்டும். அரை மணித்தியாலம் விடும், குமிழி நிக்கும் வரைக்கும். தண்ணி நீலப்பச்சையா வந்தா அமிலம் செம்பைத் தொட்டிட்டுது, உடன ஊத்தும். மூண்டு தரம் அலசி, ஒரு சிட்டிகை அப்பச்சோடாக் கரைசல் விட்டு, திரும்ப அலசும். அமிலம் உள்ளுக்க இருக்கேக்க நெருப்பு வைக்கக் கூடாது. கக்கூஸ் கழுவுற அமிலம் பக்கத்திலயே வரக்கூடாது.

பிறகு வெள்ளிப் பற்றாசா ஈயப் பற்றாசா எண்டு பாரும். 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில நீராவி 141 பாகை. ஈயம் 183இலேயே இளகத் தொடங்கும், தண்ணி வத்தி நெருப்பு எரிஞ்சா மூட்டு விட்டிடும். வெள்ளி 600 பாகைக்கு மேல. ஈயம் எண்டா அதை அலுமாரியில வையும். வெள்ளி எண்டா பொயிலரைக் காத்தில்லாமல் தண்ணியால நிரப்பிக் கைப்பம்பால 60 பிஎஸ்ஐ ஏத்தி 10 நிமிடம் வையும். காத்தால சோதிக்கக் கூடாது, வெடிச்சா குண்டு மாதிரி.

ஓடுறதுக்கு முட்ட நிறைச்சு, 30 மில்லிலீற்றரைத் திருப்பி எடும். ஆவிக்கு இடம் வேணும். முட்ட விட்டா புகைக்கூண்டால தண்ணி துப்பும்.

காஸ்: வெறும் பியூட்டேன். 35 பாகையில அதின்ர அழுத்தம் ஏறத்தாழ 2.3 பார், புரப்பேன் 11 பார். குளிர் நாட்டுக்காரர் தாங்கியைச் சுடுதண்ணியில வைக்கிறதைப் பார்த்து நீரும் வைக்காதையும். இங்க வெயிலே காணும். குசினிச் சிலிண்டரில இருந்து நிறைக்கிற வித்தை வேண்டவே வேண்டாம். தாங்கியை முட்ட நிறைச்சா திரவமே காஸ் வெளிய வாற சின்னத் துவாரத்துக்கு, அதுதான் ஜெற், வந்து கபின் பக்கத்தால சுவாலை அடிக்கும். ஜெற் அடைச்சா ஊசி குத்தாதையும், துவாரம் பெருத்திடும். கழட்டி அசிற்றோனில ஊறப் போட்டு எதிர்ப்பக்கத்தால ஊதும்.

காஸ் முடியிறது தண்ணி முடியிறதுக்கு முதல் இருக்கோணும். காஸை மட்டும் திரும்ப நிறைச்சு ஓட்டுறவை பொயிலரைச் சுட்டுப்போடுவினம்.

பாலையூற்று_மாமா | காலை 11.44

இவ்வளவு எழுதினீர், 10 நிமிடம் தண்ணிச் சோதனைக்கு நல்லம், மழைக்கு மட்டும் கூடாதோ?

உவர்மலை_பொயிலர் | காலை 11.46

பகிடி விடாமல் சொல்லுங்கோ. 10 எங்க இருந்து வந்தது?

பாலையூற்று_மாமா | காலை 11.52

அனுபவம். சரி, உப்பு இருக்கெண்டே வைப்பம். ஓட்டம் முடிஞ்சு அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு இறங்க வடிகால் வால்வைத் திறந்து முழுத் தண்ணியையும் வெளிய விடுறன். உம்மட 600 மில்லிகிராம் எங்க? 100 ஓட்டம் வெளியேத்தாமல் வச்சிருந்தா எண்டு எழுதினது நீர். அப்பிடி வச்சிருக்கிற சோம்பேறிக்கு வடித்த தண்ணி வாங்கிறதும் பஞ்சிதான்.

கிண்ணியா_32 | நண்பகல் 12.03

இது நியாயமான கதை. ஒவ்வொரு தரமும் வெளியேத்தினா சேராது.

உவர்மலை_பொயிலர் | நண்பகல் 12.09

நியாயமாம். விற்கிற எஞ்சினில வடிகால் வால்வே இல்லை, படத்தைப் பார்த்திட்டுக் கதையுங்கோ. கவிழ்த்துத்தான் ஊத்தோணும், கவிழ்த்தா லுப்ரிகேற்றர் ஒயில் பொயிலருக்க போகும், ஒயில் போனா அதுவும் நுரைக்கும். பித்தளை கரையும் எண்டு பயங்காட்டினவர் தன்ர எஞ்சினில ஒரு வால்வு போடேல்ல.

பாலையூற்று_மாமா | நண்பகல் 12.20

வால்வுக்குக் கால் அங்குல 40 புரி வெட்டோணும். தப் சீனக்குடாவில.

சீனக்குடா_762 | நண்பகல் 12.22

அது 32 புரித் தப், 40 இல்லை. அளவு அண்டைக்கும் பிழை, இண்டைக்கும் பிழை.

உவர்மலை_பொயிலர் | நண்பகல் 12.31

தப்பை இன்னொரு இழையில தேடுங்கோ. மாமா, தூறலுக்கும் 10 நிமிடமா எண்டு காலமை 8.21க்குக் கேட்டது இன்னும் அப்பிடியே கிடக்குது.