புதுப்பிப்பு: சோட்டோ போன பிறகு யாங்கீஸ்

யாங்கீஸின் பேஸ்பால் நட்சத்திர மட்டையாளர் ஹுவான் சோட்டோவை அதே நகரின் மெட்ஸ் அணி 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்துக் கொண்டுபோன 2024 டிசம்பரில், நியூயார்க் யாங்கீஸ் இனி எழாது என்று இங்கே கொதித்து எழுதியிருந்தேன். பலரை வாங்கி ஒருவரை ஈடுகட்ட முடியாது என்பது என் வாதம். 2025 சீசன் முடிந்துவிட்டது. அந்த வாதத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

சோட்டோ போனதும் யாங்கீஸ் வாங்கிய பந்துவீச்சாளர் மேக்ஸ் ஃப்ரீடுக்கு 8 ஆண்டுக்கு 21.8 கோடி டாலர் அதிகம் என்றேன். தவறு. மார்ச்சிலேயே அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் கெரிட் கோல் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டார். அந்தச் சுமையைத் தாங்கியவர் இடக்கைப் பந்துவீச்சாளரான ஃப்ரீடுதான். 19 வெற்றிகள், மேஜர் லீக் பேஸ்பாலின் இரு லீகுகளிலும் அவரை மிஞ்ச ஆளில்லை.

புதிதாக வந்த இடக்கை மட்டையாளர் கோடி பெலிஞ்சர் 29 ஹோம்ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தார். யாங்கீ ஸ்டேடியத்தில் வலது மூலை வேலி 314 அடிதான். இடக்கை மட்டையாளருக்கு அளவெடுத்துத் தைத்த மைதானம். அவருடைய தந்தை கிளே ஆடிய அணியும் இதுவே.

கடைசி இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்துவைக்க வாங்கிய பந்துவீச்சாளர் டெவின் வில்லியம்ஸ் விஷயத்தில் மட்டும் இறங்கி வர மாட்டேன். ஏப்ரலில் சொந்த மைதானத்திலேயே, அவருக்குப் பதில் சக பந்துவீச்சாளர் லூக் வீவரை அனுப்பு என்று ரசிகர்கள் முழங்கினார்கள். மாதம் முடிவதற்குள் கடைசி இன்னிங்ஸ் பொறுப்பு கைமாறியது. வில்லியம்ஸுக்காக மில்வாக்கி அணிக்குக் கொடுத்த கேலப் டர்பின் 2025-இல் அங்கே மூன்றாம் பேஸ் தடுப்பாளராக வேரூன்றினார். நாமோ அதே இடத்துக்கு ஜூலையில் ரயன் மக்மேனைத் தேடிப் பிடித்தோம்! இது இன்னும் வலிக்கிறது.

சீசனில் 94 வெற்றிகளுக்குப் பிறகு பிளேஆஃப் தொடரில் டொராண்டோவிடம் 3-1 என வீழ்ந்தோம். மெட்ஸுக்காக 43 ஹோம்ரன் அடித்த சோட்டோ அந்தத் தொடரில் நம் பக்கம் இருந்திருக்க வேண்டும்.