மறு: முதுமையில் தசை வலிமை குன்றும் நோய்க்கு என்ன பெயர் வைக்கலாம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

முதுமையில் தசை நலியும் நோயான சார்க்கோபீனியாவுக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் தசைவறுமை, தசைமூப்பு, தசைத்தளர்வு, தசைவலுக்குறை. 'சார்க்கோபீனியா என்றே எழுதிவிட்டுப் போகலாமே' என்ற கட்சியும் இருக்கிறது. வைத்தியர்கள் தங்களுக்குள் பேசும்போது அப்படியே போகட்டும். கிளினிக் வாங்கில் காத்திருக்கும் அம்மாவின் கையில் கொடுக்கும் தாளில் அது போகாது.

1989இல் இர்வின் ரோசன்பெர்க் இந்தப் பெயரைக் கட்டியபோது, சதையையும் வறுமையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைத்தான் இணைத்தார். அந்தக் கணக்கில் தசைவறுமை பிழையில்லாத சொல். ஆனால், அன்று பேச்சு தசையின் அளவைப் பற்றியதாக இருந்தது. பிறகு நோயின் இலக்கணமே மாறிவிட்டது. ஐரோப்பிய வல்லுநர் குழு 2018இல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலிமைக் குறைவை முன்னுக்குக் கொண்டுவந்தது. அளவு அதற்குப் பிறகுதான். 2019இன் ஆசிய வரையறையில் கைப்பிடி வலிமையின் எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. கருவி இல்லையென்றால் நாற்காலி போதும்: கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து அமர வேண்டும். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் கவனிக்க வேண்டும்.

என் பெரியம்மாவைச் செய்யச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை எழும்போதே கட்டிய கை தானாக அவிழ்ந்து நாற்காலியின் பிடியைத் தேடியது. 'எனக்கென்ன குறை, நல்ல சதைப்பிடிப்பாகத்தானே இருக்கிறேன்' என்றார். உண்மை, பருத்த உடம்புதான். கொழுப்புக்குள் தசை குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. வறுமை, மெலிவு என்றெல்லாம் எழுதினால் இவரைப் போன்றவர்கள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள்.

தசைமூப்பு அழகான சொல். எனக்கு அதுதான் பயம். 'வயது போனால் அப்படித்தான்' என்று எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு வாய்பாடு இருக்கிறது. அதற்கு நாமே முத்திரை குத்திக் கொடுப்பதா? 1990இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பராமரிப்பு இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 வீதம் கூடியது. போதாக்குறைக்கு, நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தால் வயது குறைந்தவர்களுக்கும் இது வரும்.

தசைத்தளர்வு வேண்டவே வேண்டாம். தசை சுருங்குவதும் தளர்வதும் பாடநூலில் அதன் அன்றாடத் தொழில்.

கொக்குவில் ஆசிரியர் ஐயாவின் தசைவலுக்குறைக்கு ஏறத்தாழச் சம்மதித்துவிட்டேன். ஆனால், இலங்கையில் நம் பௌதிகப் பாடத்தில் வலு என்பது வேலை செய்யப்படும் வீதம். தமிழ்நாட்டில் திறன் என்பார்கள். தசையிலும் இந்த வேறுபாடு உண்டு. பாரத்தைத் தூக்க முடிவது வலிமை, சட்டெனத் தூக்க முடிவது வலு. வயதோடு முந்தி விழுவது வலுதான், ஏனென்றால் விரைந்து சுருங்கும் நார்கள்தான் அதிகம் மெலிகின்றன. கிணற்றடிப் பாசியில் ஒரு கால் வழுக்கும்போது மற்றக் காலைச் சட்டென எடுத்து வைக்க அந்த நார்கள் வேண்டும். எனவே வலு என்ற சொல்லை அந்தப் பொருளுக்கே விட்டுவைப்போம்.

நான் முன்வைப்பது தசைநலிவு. நலிதலில் தேய்வதும் உண்டு, வலிமை இழப்பதும் உண்டு. பிளாஸ்டர் போட்ட கால் இளைப்பதைத் தசைமெலிவு என்போம். பரம்பரையாக வரும் நார்க்கேடு தசைச்சிதைவாகவே இருக்கட்டும். வயதால் வருவது முதன்மைத் தசைநலிவு. நோயாலோ முடங்கிக் கிடப்பதாலோ வருவது வழித் தசைநலிவு.

மானிப்பாயிலிருந்து

*

ஐயா, வணக்கம். தசைநலிவு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாத் தசை நோயையும் அதற்குள் போட்டுவிடுவார்கள். 'முதுமைத் தசைநலிவு' என்று வைத்தால்தான் தனியாக நிற்கும். இன்னொன்று: திசு, செல் என்று நாங்கள் எழுதுவதை நீங்கள் இழையம், கலம் என்கிறீர்கள். இதிலாவது இரு கரையும் ஒரு சொல்லில் சேருமா? புழக்கத்துக்கு வராத சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பதும் என் சந்தேகம்.

மதுரையிலிருந்து

*

மதுரை அன்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். எங்கள் ஊரில் அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டார். அங்காதிபாதம் என்று இன்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனால், அவரிடம் தமிழிலேயே வைத்தியம் படித்தவர்கள் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்த்தார்கள். சொல் நிலைக்கவில்லை, காரியம் நடந்தது. எனக்கு அது போதும்.

'முதுமை' அடைமொழியைத் தேவைப்படும் இடத்தில் சேர்ப்பதில் மறுப்பில்லை. பெயருக்குள் பூட்டிவிட வேண்டாம் என்பதே என் வாதம். நலிவு இரு கரையிலும் புழங்கும் சொல் என்பதும் அதற்குக் கூடுதல் பலம். தாளுக்கான வாசகத்தை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தி அனுப்புங்கள்:

'தசைநலிவு என்பது தசையின் வலிமையும் அளவும் குறையும் நோய். உடம்பு பருத்தவர்களுக்கும் வரும். கிணற்றில் வாளியால் அள்ளிய காலத்தில் கைக்கும் தோளுக்கும் கிடைத்த வேலையை மோட்டர் எடுத்துக்கொண்டது. நடப்பது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பாரம் கொடுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்வதில் தொடங்கலாம். இரவுச் சாப்பாட்டை இடியப்பம், சம்பல், சொதியோடு முடிக்காமல் மீனோ முட்டையோ பயறோ சேருங்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு அளவைத் தீர்மானிக்கவும்.'

'பாரம் கொடுங்கள்' என்பதைப் பார்த்து யாராவது அரிசி மூட்டையைத் தூக்கப் போய்விடுவார்களோ என்று ஒரு யோசனை. இயன்மருத்துவத் துறையில் இருக்கும் அன்பர்கள் அந்த வரியை மட்டும் பார்த்துத் தாருங்கள்.