நாலு பேர் பார்ட்டியோடு ஸ்டெல்த் ஆட முடியாதா?

நிழல்நடை:
பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமில் ஸ்டெல்த், அதாவது எதிரி கண்ணில் படாமல் மறைந்து ஆட ஒருவர், மிஞ்சினால் இருவர்தான் லாயக்கு, நாலு பேர் பார்ட்டி (கூட்டாளிக் குழு) வெறும் சுமை என்று கோடரிக்கை எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பாஸ் விதௌட் ட்ரேஸ் மந்திரத்தை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தீர்களா? ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) மூன்றாம் லெவலிலேயே போடலாம். பக்கத்தில் இருக்கும் கூட்டாளிகளுக்கும் ஸ்டெல்த் ரோலில் (மறைந்திருக்க உருட்டும் 20 முகப் பகடையில்) +10 கிடைக்கும்.

கோடரிக்கை:
போட்டிருக்கிறேன். கனமான பிளேட் கவசம் மாட்டிய ஃபைட்டரை (போர்வீரரை) என்ன செய்வீர்கள்? அவருக்கு டிஸ்அட்வான்டேஜ். இரண்டு பகடையில் சின்னதுதான் கணக்கு.

நிழல்நடை:
சரி, கணக்கே போடுவோம். தப்பிக்க 12 வேண்டும், ஃபைட்டருக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) போனஸ் பூஜ்யம் என்று வையுங்கள். மந்திரம் இல்லாவிட்டால் 20 சதவீத வாய்ப்பு. +10 கிடைத்துவிட்டால் 2 விழுந்தாலே போதும். டிஸ்அட்வான்டேஜோடும் 90 சதவீதம்.

கோடரிக்கை:
அந்த 90-ஐ வைத்துக்கொண்டு ஏழு ரோல் தாண்டிப் பாருங்கள், பாதிக்குப் பாதி மாட்டுவீர்கள். கோட்டைக்குள் ஒரே ஒரு காவலாளியா நிற்கிறான்? அந்தத் தகரடப்பா ஃபைட்டரை வெளியே நிறுத்துங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

மெழுகுதிரி:
ஸ்டெல்த் என்று எதைச் சொல்கிறீர்கள்? சண்டையே இல்லாமல் நழுவுவதா, ஒளிந்திருந்து முதல் அடி அடிப்பதா? இரண்டும் வேறு வேறு.

நிழல்நடை:
அது அப்புறம். ஏழு ரோல் எதற்கு வருகிறது? எதிரி பார்க்கும் இடத்தைத் திரையில் சிவப்பாகக் காட்டுகிறதே, அதற்கு வெளியே நடந்தால் ரோலே கிடையாது. அரை இருட்டில் அந்தச் சிவப்புக்குள் கால் வைத்தால்தான் ரோல். நல்ல வெளிச்சத்தில் அதற்குள் போய் நின்றால் தனியாக வந்த ரோக்கும் (திருடன் பாத்திரமும்) மாட்டுவார். காவலாளி திரும்பும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் ஃபைட்டர் மேல் பழி போடுகிறார்கள்.

பழையகுகை:
இதெல்லாம் ஒரு கஷ்டமா? 2000-ல் வந்த பால்டர்ஸ் கேட் இரண்டாம் பாகத்தில் ஆறு பேர் பார்ட்டி. திருடன் மட்டும் நிழலில் முன்னால் போவான், முதுகில் குத்துவான், திரும்பி வருவான். மற்ற ஐந்து பேரும் பின்னால் நிற்பார்கள். பார்ட்டியை நாலாகக் குறைத்ததிலிருந்தே எல்லாம் கெட்டது.

கோடரிக்கை:
பாருங்கள், இவரும் என் கட்சிதான். மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள் என்கிறார்.

பழையகுகை:
நான் யார் கட்சியும் இல்லை. ஆறு பேர் வேண்டும் என்கிறேன். 2018-ல் வந்த பாத்ஃபைண்டர் கிங்மேக்கர் கேமிலும் ஆறுதான்.

நிழல்நடை:
ஆறு பேர் கதைக்குத் தனி இழை திறங்கள் ஐயா. கோடரிக்கை, ஃபைட்டர் தூரத்தில் நின்றால் சண்டை தொடங்கியதும் அவர் சுற்றுக்குள் வரமாட்டார். முதல் அடி விழுந்து எதிரிகள் திகைத்து நிற்கும்போது அடிக்க ஆள் குறைவு. நாலு பேரும் பக்கத்தில் ஒளிந்திருந்தால் அந்த முதல் சுற்றிலேயே பாதிப் பேர் காலி. உங்கள் ஒற்றை ரோக் அதைச் செய்வாரா?

கோடரிக்கை:
அந்தத் தகரடப்பா மாட்டிக்கொண்டால் யாரும் திகைக்கப் போவதில்லை. மாட்டும்போதெல்லாம் எஃப்8 தட்டி பழைய சேவுக்கு (சேமித்து வைத்த இடத்துக்கு) போகிறவருக்கு 90 சதவீதம் நூறாகத்தான் தெரியும்.

நிழல்நடை:
ஆனர் மோட் என்ற கடினமான முறையில் ஒரே சேவ்தான், பின்னால் போக வழியில்லை. அதிலும் நாலு பேரோடுதான் ஆடுகிறேன். போன மாதம் மாங்க் (துறவி வீரர்) பற்றிய சண்டையிலும் பதில் இல்லாதபோது இதே எஃப்8 கதையைத்தான் எடுத்தீர்கள்.

கோடரிக்கை:
மாங்க் விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி.

மெழுகுதிரி:
நழுவுவதா, முதல் அடியா? இன்னும் யாரும் சொல்லவில்லை.

நிழல்நடை:
ஷேடோ மாங்க்கும் மூன்றாம் லெவலில் இதே மந்திரத்தைப் போடுவார். அதையும் அன்றைக்கு மறுத்தீர்கள். +10, கோடரிக்கை. பார்ட்டி முழுக்க.

கோடரிக்கை:
பிளேட் கவசம். டிஸ்அட்வான்டேஜ்.