நகர மத்தியிலுள்ள தரிப்பிடக் காணியில் மலிவு வீடு: 40 பேர்ச்சில் எத்தனை வரும்?

உட்துறைமுக வீதி என்ற பெயரில் எழுதுபவர் கேட்டது (பதில் சொல்வோரும் புனைபெயரில்தான்):

திருகோணமலை பஸ் நிலையத்தைச் சுற்றி, பொதுக் காணியில் திறந்த வாகனத் தரிப்பிடமாகக் கிடக்கும் இடங்களில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாடி வீடு கட்டலாம் என்று வட்டாரக் கூட்டத்தில் முன்வைக்கப் போகிறோம். கணக்குக்கு 40 பேர்ச், 25க்கு 40 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முதலில் கேட்பது "வாகனத்தை எங்கே விடுவது?" என்பதாகத்தான் இருக்கும். கீழே தரிப்பிடம், மேலே வீடு என்று தூண்களில் எழுப்பினால் இரண்டும் கிடைக்குமா? எங்கே சிக்கும்?

அளவைநாடா:

கிடைக்கும், ஆனால் செலவு ஏறும். ஒரு கார் நிற்க 2.4க்கு 4.8 மீற்றர், முன்னால் 6 மீற்றர் ஓடுபாதை வேண்டும். மூன்று கார் இடையில் நிற்கத் தூண்களை ஏறக்குறைய 7.8 மீற்றருக்கு ஒன்றாக நிறுத்த வேண்டும். சிறு வீட்டின் சுவர்கள் அந்த இடைவெளிக்குப் பொருந்தா. அப்போது முதல் மாடியிலேயே சுமையைத் திசைமாற்றித் தாங்கப் பெரிய பீம்கள் போட வேண்டிவரும். மலிவு என்ற சொல் அங்கேயே போய்விடும். அதோடு நிலமட்டத்தில் ஒரு வீடும் இல்லாததால் முதியவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் லிப்ற் கட்டாயம். அதன் மாதச் செலவை அந்தக் குடும்பங்கள்தான் சுமக்கும்.

நான் காணியைப் பிரித்துவிடுவேன். பின்புறம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் 3 மீற்றர், அடுத்து 11 மீற்றர் அகலக் கட்டடம், தெருப்பக்கம் 11 மீற்றரில் ஒற்றை வரிசைத் தரிப்பிடம். கட்டடம் 36 மீற்றர் நீளம். இரண்டு படிக்கட்டுக்கு 6 மீற்றர் போனால் 30 மீற்றர் மிஞ்சும். முன்னால் 1.5 மீற்றர் நடைபாதை விட்டு, 5 மீற்றர் அகலமும் 9.5 மீற்றர் ஆழமும் கொண்ட வீடு மாடிக்கு ஆறு. நிலமாடியோடு நான்கு தளம், மொத்தம் 24 வீடு, ஒவ்வொன்றும் 500 சதுர அடிக்குச் சற்று மேல். கார் 14 நிற்கும்.

இதே காணியில் இப்போது 30 கார் அளவில் நிற்கும், அதை மறைக்காதீர்கள். ஆனால் நம் நகரில் நிற்பவற்றில் பெரும்பகுதி மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும். ஒரு கார் இடத்தில் நான்கு மோட்டார் சைக்கிள் விடலாம். கூட்டத்துக்கு முன் காலை 7 முதல் மாலை 7 வரை, அரை மணிக்கொரு தடவை இலக்கத் தகடு குறித்து எண்ணுங்கள். வேலைநாள் ஒன்று, கோணேஸ்வரத் திருவிழாக் காலத்து நாள் ஒன்று. நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பவை கடை ஊழியரின் வண்டிகளென்றால் அவற்றைச் சற்றுத் தள்ளி வேறு இடத்துக்கு மாற்றலாம். கடைக்காரருக்கு வேண்டியது வாடிக்கையாளர் வந்து போகும் இடம்.

கழிவுநீர்க் கணக்கு:

வாகனத்தை விடுங்கள், இங்கே திட்டம் கவிழ்வது மலக்குழியில். 24 வீடு, வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு 135 லீற்றர்: நாளுக்கு ஏறத்தாழ 13,000 லீற்றர் தண்ணீர், அதில் 11,000 லீற்றர் அளவு கழிவாக வெளியேறும். கடலுக்கும் உட்துறைமுகத்துக்கும் இடைப்பட்ட இந்த மணல் தரையில் நிலத்தடி நீர் மேலேதான் இருக்கிறது. ஓகஸ்டில் குழி தோண்டிப் பார்த்தால் உலர்ந்திருக்கும். வடகீழ்ப் பருவமழையில், நவம்பர் முதல் ஜனவரிக்குள் அதே குழியில் அளந்தால்தான் உண்மை தெரியும். உறிஞ்சு குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் குறைந்தது ஒரு மீற்றர் உலர்ந்த மண் இல்லாவிட்டால் கழிவு அப்படியே அயல் கிணற்றுக்குப் போகும்.

இன்னொன்று: மழைக்காலத்தில் பவுசர் (கழிவு உறிஞ்சும் லொறி) வந்து மலக்கழிவுத் தாங்கியை முழுதாக உறிஞ்சினால், வெறும் தாங்கியை நிலத்தடி நீர் மேலே தள்ளும். இணைப்புக் குழாய்கள் முறியும். தாங்கியின் அடித்தளக் கொங்கிறீட்டைச் சுவருக்கு வெளியே நீட்டி, மேலே மண் ஏற்றினால் நிற்கும். இங்கே சிறிய சுத்திகரிப்புத் தொகுதிதான் பொருத்தம். ஆனால் அதை இயக்கும் மின்சாரத்துக்கும் ஆளுக்கும் மாதாந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று வரைபடத்தோடேயே எழுதிவையுங்கள். தரிப்பிடத்துக்குக் கீழே புதைத்தால் அதன் மூடிகள், நிரம்பிய பவுசரின் பாரத்தைத் தாங்க வேண்டும்.

உப்புக்காற்றையும் மறக்க வேண்டாம். வெளிப்புறக் கொங்கிறீட்டில் உள்ளிருக்கும் கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீட் மூடல் வேண்டும், நீர்–சீமெந்து விகிதம் 0.45ஐத் தாண்டக்கூடாது, கழுவாத கடல் மணல் கூடவே கூடாது. நடைபாதைத் தட்டின் அடியில் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சீமெந்துக் கட்டைகளை வைக்காமல் கொங்கிறீட் போட்டால் கம்பி அச்சுப் பலகையோடு ஒட்டிக் கிடக்கும். பலகை கழற்றியதும் பூச்சு பூசி மறைத்துவிடுவார்கள். சில மழைக்காலம் போனால் அந்த வரிசையிலேயே துருக்கோடு விழுந்து துண்டு துண்டாக உதிரும். கொங்கிறீட் போடும் நாள் காலையில் யாராவது குனிந்து பார்த்தே ஆக வேண்டும்.

உறுதிப்பத்திரம்:

முதலில் காணி யாருடையது? உள்ளூராட்சிச் சபை தரிப்பிடக் கட்டணம் அறவிடுகிறது என்பதால் சபையின் காணி ஆகிவிடாது. இங்கே துறைமுக அதிகார சபையின் பெயரிலும் அரச காணியாகவும் நிறைய உண்டு. பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் பார்த்த பின்னரே நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் விழுந்தால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தனியே தேவை. நகர மத்தியில் நிறைய இடம் அதற்குள் விழும்.

வீட்டுக்கு வீடு உறுதி கொடுப்பதென்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனைச் சட்டத்தின் கீழ் வரைபடம் பதிய வேண்டும். என் கருத்து, விற்கவே வேண்டாம். மலிவாக விற்ற நகர மத்தி வீடு கைமாறிச் சுற்றுலாத் தங்குமிடமாகும். காணியைச் சபையே வைத்துக்கொண்டு நீண்டகால வாடகைக்கு விடட்டும், பராமரிப்புப் பணம் வாடகைக்குள்ளேயே தனிக் கணக்காக இருக்கட்டும்.

உட்துறைமுக வீதி:

நன்றி. பிரித்துக் கட்டும் வரைபடத்தையே கொண்டுபோகிறோம். மண் பரிசோதனைக்கு எத்தனை துளை?

அளவைநாடா:

கட்டடத்தின் கீழ் மூன்று, சுத்திகரிப்புத் தொகுதி வரும் இடத்தில் ஒன்று. பழைய தரிப்பிடங்களில் தாருக்குக் கீழே இடிபாடு கொட்டி நிரப்பியிருப்பார்கள், அதைத் தாண்டி இயற்கை மணல் வரும்வரை போகச் சொல்லுங்கள். ஒரு துளையில், பக்கத்தில் ஓட்டைகளிட்ட குழாயை விட்டுவைத்தால் மழைக்கால நீர்மட்டத்தையும் அதிலேயே அளக்கலாம்.